பதினெட்டரை கிராம்

செந்தில்நாதன் தன் கையால் ஒரு நட்டை முடுக்கி இருபது வருஷம் இருக்கும். சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் அவர் போர்மேன். போர்மேன் என்றால் வேலை செய்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் என்று அவர் அர்த்தம் பண்ணிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. அந்த நிற்பும் முழு நிற்பு கிடையாது. வெயில் என்றால் கேபினில் ஃபேனுக்கு அடியில், மழை என்றால் அதே கேபினில் டீ கிளாஸோடு. வெல்டிங் வைக்க, ஸ்பானர் பிடிக்க, கரி ஓடுகிற பெல்ட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் ஏறிக் கழன்ற போல்ட்டை மாட்ட, எல்லாவற்றுக்கும் காண்ட்ராக்ட் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் சுரங்கத்து வேலைக்கு மட்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே! பதினாறாம் பிளாக்கில் அவருடைய குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் புல் வெட்ட, தேங்காய் பறிக்க, மாமியாரை விருத்தாசலம் பஸ்ஸில் ஏற்றிவிட என்று வாரத்துக்கு ஓர் ஆள் போய்க்கொண்டிருந்தான்.

ஆகவே ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் சரிதா, பள்ளிக்கூடத்தில் பல்குத்தும் குச்சியை வைத்துக் கோபுரம் கட்டச் சொல்கிறார்கள் என்று ஒரு காகிதத்தோடு வந்து நின்றபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மறுநாள் காலை ஷிப்ட் ஆரம்பித்ததும் கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டார்.

கொளஞ்சியப்பனின் மனைவி மாணிக்கம்மாளுக்குச் செய்தி அன்று சாயங்காலம் வந்தது. அவள் காடாம்புலியூரில் முந்திரிக் கம்பெனியில் பருப்புக்குத் தோல் உரிக்கிறவள். அப்போதுதான் வேலை விட்டு வந்து மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் ஏற்றியிருந்தாள். ஐப்பசி மழை மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்ததில் விறகு புகைந்து கண்ணை எரித்தது.

“பல்லு குத்துற குச்சியிலயா?” என்றாள்.

“ஆமா. கோபுரமாம். ஒரு அடி ஒசரம்.”

“ஏன், அவுருக்குக் கை இல்லியா?”

“அவுருக்கு இன்னா தெரியும் பாவம்.”

“ஒண்ணுந் தெரியாதவன எதுக்குய்யா போர்மேனா வச்சிக்கினு இருக்கானுங்க? சரி, அவுருக்குத்தான் தெரியல. அந்தப் பொண்ணு செய்ய வேண்டிதான? பள்ளிக்கூடத்துல குடுத்தது பொண்ணுக்கா, ஒனக்கா?”

கொளஞ்சியப்பன் வேஷ்டியை மாற்றிக்கொண்டு குந்தினான். பதினோரு வருஷமாகச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் பிட்டர். கேட்டில் காட்டுகிற பாஸ் வருஷா வருஷம் புதுசாக வர வேண்டும். வந்தால்தான் உள்ளே போகலாம். “பொங்கல் கழிச்சிப் புது காண்ட்ராக்ட்டு வருது. நாப்பது பேருல பத்துப் பேரக் கழிக்கப் போறாங்களாம். யாரு யாருக்கு பாஸ் போடணும்னு பேரு எழுதிக் குடுக்கறது இவருதான்” என்றான்.

மாணிக்கம்மாள் கிழங்கை வடித்து நடுவில் வைத்தாள். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

“நம்ம பாப்பாவும் அதே கிளாஸுதான. அதுக்கும்தான் குடுத்துருப்பாங்க. அதுக்கு யாரு செய்யறது?”

“நானே செஞ்சிக்குவேம்மா” என்றாள் செவ்வந்தி, உள்ளேயிருந்து.

செவ்வந்தி அந்தக் காகிதத்தை ஏழெட்டுத் தடவை படித்திருந்தாள். முப்பது சென்டிமீட்டர் உயரம். முப்பது கிராமுக்கு மேல் போகக் கூடாது. குச்சியும் வெள்ளைப் பசையும் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. மேலே ஒரு கம்பி வைத்து அதில் பக்கெட்டைத் தொங்கவிட்டு மணல் கொட்டுவார்கள். உடையும் வரை எத்தனை கிலோ தாங்கியதோ, அதைக் கோபுரத்தின் எடையால் வகுத்து மார்க். முதலாவதாக வருகிற பெண்ணை மூன்று நாள் சென்னைக்கு ஒரு பொறியியல் கல்லூரிக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே தங்கி, பெரிய பெரிய யந்திரங்களில் பாலத்தையும் தூணையும் வைத்து உடைத்துப் பார்க்கலாம். செவ்வந்தி பண்ருட்டியைத் தாண்டியதில்லை. இதை அவள் யாரிடமும் ஆசையாகச் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மாணிக்கம்மாளுக்கு அது போதுமாயிருந்தது.

“நெறையத் தாங்குனா மட்டும் போறாதும்மா. கம்மி எடையில நெறையத் தாங்கணும்” என்று செவ்வந்தி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் கோபுரம் கோணிக்கொண்டது. இரண்டாவது, பசை காய்வதற்குள் மழைச் சாரலில் சொதசொதத்து ஒரு காலை மடக்கிப் படுத்துவிட்டது. மூன்றாவதற்கு அவள் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் படுக்கவைத்து ஒட்டி, காய்ந்த பிறகு நான்கையும் நிமிர்த்திச் சேர்த்தாள். எந்தக் குச்சி அழுத்தத்தைத் தாங்குகிறது, எது இழுபடுகிறது, எது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். சும்மா இருந்ததைப் பிளேடால் நறுக்கி எடுத்தாள். மாணிக்கம்மாளுக்கு அதைக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதை நறுக்கி எறியலாம் என்கிற சட்டம் பல்குத்தும் குச்சிக்கு மட்டும்தானா, சுரங்கத்துக்குக் கிடையாதா என்று கேட்டாள். செவ்வந்தி சிரித்தாள்.

மூன்றாவது கோபுரத்தை மாணிக்கம்மாள் முந்திரிக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் பருப்பு எடை போடுகிற தராசில் வைத்தாள். இருபதே கால் கிராம். அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஓட்டை உடைத்து எடுத்த பருப்பைச் சூடான அறையில் தட்டுத்தட்டாக அடுக்கிக் காய வைப்பார்கள். காய்ந்தால்தான் தோல் உரியும். உள்ளே போகும்போது ஓர் எடை, வெளியே வரும்போது ஓர் எடை. அவள் பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற சங்கதி. மழைக்காலத்தில் பருப்பு குடிக்கிற ஈரத்தைக் குச்சி மட்டும் குடிக்காமல் இருக்குமா?

அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற பொன்னம்மாளிடம் போய் நின்றாள். “யக்கா, இத்த ஒரு ஓரமா வச்சி எடுத்துக் குடுக்கா. ரொம்பச் சூடு வேணாம், கடைசித் தட்டுல வச்சாப் போதும்.”

“இன்னாடி இது, குருவிக் கூண்டா?”

“எம் பொண்ணு கட்டுன கோபுரங்க்கா.”

“மொதலாளி பாத்தாருன்னா இத்தயும் ரெண்டாந் தரம்னு கழிச்சிடுவாருடி” என்று சொன்னாலும் பொன்னம்மாள் வாங்கி வைத்தாள். மறுநாள் எடுத்து எடை போட்டால் பதினெட்டரை. தட்டினால் டங்கென்று சத்தம் கேட்டது. அந்த ஈரம் மறுபடி ஏறாமல் இருக்க மாணிக்கம்மாள் பருப்பு அடைக்கிற பெரிய தகர டின் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் இறக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் எந்த அப்பனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. வந்திருந்தாலும் அதற்கொரு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போர்மேன் வீட்டுக்குப் போன கொளஞ்சியப்பன் மத்தியானம் ஆகியும் டவுன்ஷிப்பிலிருந்து திரும்பவில்லை. மாணிக்கம்மாள் சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் தூக்கில் போட்டுக்கொண்டு செவ்வந்தியோடு பஸ் ஏறினாள். டவுன்ஷிப்பில் மரங்களெல்லாம் மழையில் குளித்து நின்றன. ரோட்டில் ஒரு குழி கிடையாது. அவர்கள் ஊருக்கு வருகிற ரோட்டுக் குழியில் எருமை படுத்தால் எழுந்திருக்காது. பதினாறாம் பிளாக்கில் வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தபோது, கொளஞ்சியப்பன் கார் நிறுத்துகிற ஷெட்டில் சிமெண்டுத் தரையில் குந்தியிருந்தான். எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் செந்தில்நாதன், பனியனும் கைலியுமாக.

“யாருப்பா?”

“எங்க வூட்டுலங்க சார். அது பாப்பா.”

“ம்” என்றார் அவர். அதோடு அவர்கள் விஷயம் முடிந்தது. “ஏய் கொளஞ்சி, அந்தக் கீழ் மூலையில இன்னும் ரெண்டு போடு. ஒத்தையா போடாத, ரெண்டு ரெண்டா போடு. ஸ்ட்ரக்சர்னா பாக்கும்போதே பயம் வரணும். நம்ம கன்வேயர் கேலரி பாத்திருக்கேல்ல? அதுல எதாவது ஒல்லியா இருக்கா?”

“இல்லீங்க சார்.”

“அப்புறம்?”

கொளஞ்சியப்பன் ரெண்டு ரெண்டாகப் போட்டான். அவன் கைக்கு வேலை தெரியும். குச்சிகள் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. ஆனால் அந்தக் கைக்கு உத்தரவு போடுகிற வாய் நாற்காலியில் இருந்தது. மூட்டுக்கு மூட்டு நாலைந்து குச்சிகளை அடுக்கிப் பட்டையாக்கி வைக்கச் சொல்லியிருந்தார். செவ்வந்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பொறுக்கவில்லை.

“அப்பா, அந்தக் குறுக்குக் குச்சி எதையும் தாங்கலப்பா. வெறும் எடைதான்.”

செந்தில்நாதன் திரும்பினார். “பாப்பா என்ன படிக்குது?”

“ஒங்க பொண்ணு கிளாஸுதாங்க சார்” என்றாள் மாணிக்கம்மாள்.

“அப்படியா” என்றார். அந்தப் பெண்ணும் கோபுரம் செய்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை, அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. சரிதா கதவு வரை வந்து எட்டிப்பார்த்தாள். செவ்வந்தியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, “எனக்கு இது என்னன்னே தெரியாதுப்பா, யாராவது கேள்வி கேட்டா நான் செத்தேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அந்தப் பெண்ணாவது உண்மையைச் சொன்னது.

வீட்டம்மா விஜயலட்சுமி ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து ஷெட் ஓரத்தில் வைத்தாள். “குடிங்க. பாட்டில நீங்களே வச்சிக்கங்க, திருப்பித் தர வேணாம்” என்றாள், ரொம்பப் பிரியமாக. மாணிக்கம்மாள் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. ஊருக்கு வெளியே காலனியில் பிறந்தவளுக்கு அந்தப் பிரியத்தின் அர்த்தத்தை யாரும் பிரித்துச் சொல்லத் தேவையில்லை. தூக்கைக் கணவனிடம் கொடுத்துவிட்டு மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அவன் அந்த மனுஷர் முன்னால் தரையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து தின்பதை அவள் நின்று பார்க்க விரும்பவில்லை.

போட்டி சனிக்கிழமை. வியாழக்கிழமை செந்தில்நாதனுக்கு இன்னொரு மேதாவித்தனம் உதித்தது. சுரங்கத்தில் எந்த இரும்பும் பெயிண்ட் இல்லாமல் நின்றால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவன் ரிமார்க் எழுதுவான். அது அவர் எலும்பில் ஊறிய பாடம். பள்ளிக்கூடத்துக்கும் ஜட்ஜ் வருவானே! கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டுக் கோபுரத்துக்கு முதலில் ரெட் ஆக்சைடு ஒரு கோட்டிங் கொடுக்கச் சொன்னார். துரு பிடிக்காமல் இருக்க இரும்புக்கு அடிக்கிற செங்கல் நிறப் பெயிண்ட். அதைப் பல்குத்தும் குச்சிக்கு. அதன் மேல் மஞ்சள் எனாமல். கொளஞ்சியப்பன் அடித்தான். “குச்சிக்கு எதுக்குங்க சார் துரு?” என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. இந்தக் கதையை அவன் வீட்டில் வந்து சொன்னபோது மாணிக்கம்மாளும் செவ்வந்தியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொளஞ்சியப்பனும் சேர்ந்து சிரித்தான். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது முகம் செத்திருந்தது. கேழ்வரகுக் களியும் கீரையும் வைத்தாள்; கையை நனைக்கவில்லை.

“இன்னாய்யா?”

“எட போட்டுப் பாத்திருக்காரு. முப்பத்தெட்டு. பெயிண்ட்டும் அடிக்கக் கூடாதுன்னு பேப்பர்லயே இருக்குதாம். இன்னிக்கித்தான் படிச்சாராம்.”

“அடிக்கச் சொன்னது யாரு?”

“ஒனக்குத் தெரிய வேண்டாமாடான்னு கத்தறாரு. ஒர்க்‌ஷாப்புல எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. நாளக்கிக் காலையில எம் பொண்ணு டேபிள்ல முப்பது கிராமுக்குள்ள ஒண்ணு நிக்கணும், எப்படின்னு எனக்குத் தெரியாது, நிக்கலன்னா பொங்கலுக்கு அப்புறம் நீ இந்தப் பக்கம் வர வேணாம்னுட்டாரு.”

“நிக்கலன்னா நிக்கல. ஒரு குச்சிக் கோபுரத்துக்காக எவனாவது பேர வெட்டுவானா? சும்மா வாயி. நீ தின்னுட்டுப் படு.”

கொளஞ்சியப்பன் மூலையில் இருந்த தகர டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், “பாப்பா, காலையில ஏழரைக்குள்ள மேசையில வைக்கணும்ல? பஸ்ஸுல கூட்டமா இருக்கும், நசுங்கிடும். நான் வண்டியில எடுத்துக்கினு போயி வச்சிடறேன்” என்றான்.

“என்னோடது பதினாலாம் நம்பர் மேசைப்பா” என்றாள் செவ்வந்தி.

காலையில் அவன் டிவிஎஸ் வண்டியின் முன்னால் டின்னை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினான். தூறலில் டின் நனையக் கூடாதென்று மாணிக்கம்மாளே தன் பழைய சேலைத் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

அவள் அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். ஒன்பது மணிக்கு இருவரும் பள்ளிக்கூடத்து ஹாலுக்குள் போனார்கள். பார்த்தால் அது பள்ளிக்கூடமாகத் தெரியவில்லை. ஓவர்ஹாலிங் நடக்கிற இடமாகத் தெரிந்தது. அப்பாக்கள், அப்பாக்கள், எங்கு பார்த்தாலும் அப்பாக்கள். ஒருவர் தலைமுடி காய வைக்கிற மிஷினைப் பிடித்துக்கொண்டு தன் கோபுரத்துக்குச் சூடு காட்டினார். இன்னொருவர் வளைந்துபோன காலை நகவெட்டியால் நெம்பினார். மூன்றாவது மனுஷர் மட்டம் பார்க்கிற ஸ்பிரிட் லெவல் கொண்டுவந்திருந்தார். பெண்பிள்ளைகள் ஜன்னல் பக்கம் கூட்டமாக நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் போட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கம்பெனி சம்பளம் கொடுத்து வளர்த்த மூளையெல்லாம் பல்குத்தும் குச்சிக்கு முன்னால் முட்டி போட்டுக்கொண்டிருப்பதை மாணிக்கம்மாள் நன்றாக நின்று பார்த்தாள். அவளுக்கு அன்றைக்கு யார் மேலும் மரியாதை இல்லை, பயமும் இல்லை.

பதினாலாம் மேசையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கோபுரம் நின்றது.

முதலில் மேசை மாறி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். சீட்டைப் பார்த்தாள். ‘கொ. செவ்வந்தி, ஒன்பதாம் வகுப்பு’ என்று மகள் பெயர்தான் இருந்தது. பக்கத்து வரிசையில் தேடினாள். ஆறாம் மேசையில், சரிதாவின் பெயருக்கு மேலே, அவள் இரண்டு கையாலும் ஏந்திச் சூட்டறைக்குக் கொண்டுபோன கோபுரம் நின்றது. செந்தில்நாதன் அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேற்றுவரை மஞ்சளாக இருந்தது ஒரே ராத்திரியில் எப்படி வெள்ளையாகி இளைத்தது என்று அவர் கொளஞ்சியப்பனைக் கேட்டிருக்க மாட்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருப்பதுதான் அவர் இருபது வருஷமாகப் பார்த்துவருகிற உத்தியோகம்.

மாணிக்கம்மாள் செவ்வந்தியின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. அழவில்லை. கையில் இருந்த கணக்கு நோட்டை மட்டும் மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சயின்ஸ் டீச்சர் தராசோடு வந்தாள். “பதினாலு. முப்பத்தெட்டு கிராம். என்ன செவ்வந்தி இது, பெயிண்ட் வேற அடிச்சு வச்சிருக்க? நீயா இப்படி? ரூல்ஸ் படிக்கலயா?” என்று கேட்டுவிட்டுச் சிவப்பு மையால் சீட்டில் கோடு போட்டாள். ஜன்னல் பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்பிரிட் லெவல் அப்பாவும் சிரித்தார்.

மாணிக்கம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். செவ்வந்தி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்மா.”

“வுடுடி. இன்னிக்கி இவன் மூஞ்சிய...”

“வேணாம்மா. அப்பா பாஸ் போயிடும்.”

பதினாலு வயசுப் பெண் அதைச் சொன்ன விதத்தில் மாணிக்கம்மாள் எடுத்து வைத்த அடியிலேயே நின்றாள். கோபம் இருந்தது, குரல் இருந்தது, அந்த ஹாலையே கிடுகிடுக்க வைக்கிற வார்த்தைகள் தொண்டையில் வந்து நின்றன. மகள் பிடித்த பிடியில் எல்லாவற்றையும் முழுங்கினாள். அவள் வாழ்க்கையில் முழுங்கியதில் அதைப்போலக் கசந்தது வேறு இல்லை.

ஒவ்வொன்றாகப் பக்கெட் மாட்டி மணல் கொட்டினார்கள். நான்கு கிலோவில் ஒன்று, ஆறில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என்று உட்கார்ந்தன. மழையில் பசை ஊறிப்போயிருந்தது, அப்பாக்கள் முகமும்தான். ஆறாம் மேசைக்காரியைக் கூப்பிட்டார்கள். பதினெட்டரை கிராம் என்று படித்ததும் கடலூரிலிருந்து ஜட்ஜாக வந்த காலேஜ் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பத்துக் கிலோ. பதினைந்து. இருபது. கோபுரம் அசையவில்லை. எல்லாரும் கூட்டமாக நெருங்கினார்கள். இருபத்தி மூன்றில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. “அது கீழ் மூட்டும்மா, இன்னும் தாங்கும்” என்று செவ்வந்தி மூச்சுக்குள் சொன்னாள். இருபத்தேழு கிலோவில்தான் நொறுங்கியது. கைதட்டினார்கள். ஒரு கணம், தன்னை மறந்து, செவ்வந்தியும் சிரித்துக் கைதட்டிவிட்டாள். தட்டிய கையை அப்படியே நிறுத்திக் கீழே போட்டாள். மாணிக்கம்மாளால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

“இவ்வளவு கம்மியான எடை எப்படி வந்துதும்மா? இந்த மழையில எல்லாருடையதும் ஊறிக் கிடக்கு” என்று வாத்தியார் சரிதாவைக் கேட்டார். சரிதா தரையைப் பார்த்தாள். செவ்வந்தி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கும் தெரியும் போலிருந்தது.

செந்தில்நாதன் முன்னால் வந்தார். “சார், டிசைன்ல நான் கொஞ்சம் கைட் பண்ணேன். தேவையில்லாத மெம்பர், ஒரு குச்சிகூட இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். மைன்ஸ்ல முப்பது வருஷ எக்ஸ்பீரியன்ஸ்ல வர்றது சார் இதெல்லாம்” என்றார். கூச்சமே இல்லை. மாணிக்கம்மாள் அந்த மனுஷரைப் பார்த்தாள். திட்டுவதற்குக்கூட அங்கே ஆள் இல்லை என்று தோன்றியது. வெறும் பனியனும் கைலியும்தான் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

சரிதா சென்னைக்குப் போவதாக அறிவித்தார்கள். உடைந்ததுபோலவே புதுசாக இன்னொன்று செய்து எடுத்துப்போக வேண்டும் என்றும் சொன்னார்கள்.

சாயங்காலம் நாலரைக்குக் கொளஞ்சியப்பன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கையில் ஓர் இனிப்புப் பொட்டலம். “சார் குடுத்தாரு” என்று தரையில் வைத்தான். யாரும் தொடவில்லை. மாணிக்கம்மாள் முற்றத்தில் நின்றபடி பேசினாள்.

“நின்னுதாய்யா ஒம் பேரு?”

“நின்னுடுச்சி. பாஸ் போட்டுக் குடுக்கறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு.”

“தூ. ஒங் கையால செஞ்சத எவனுக்கு வேணாக் குடு. அவன் ஊட்டுப் புல்ல வெட்டு, அவன் மாமியார முதுகுல தூக்கிக்கினு போயி பஸ்ஸுல ஏத்து. நான் கேட்டனா? இது நீ செஞ்சதா? பதினஞ்சு நாளு அது கண்ணு முழிச்சிச் செஞ்சத எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்க. அதாவது போவுது. அந்த மஞ்சப் பெயிண்ட் கழுதயக் கொண்டாந்து இது பேருல வச்சியே, அது ஏன்யா? ஊரே சிரிச்சிது.”

கொளஞ்சியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டான். “மேச காலியா இருந்தா கேப்பாங்களேன்னுதான்...”

“கேக்கட்டுமே!”

“கேட்டா விஷயம் வெளிய வந்துடுமில்ல.”

அந்தப் பதிலுக்கு மாணிக்கம்மாளுக்குத் திட்டவும் வரவில்லை. பதினெட்டு வருஷமாக அவள் அவனைத் திட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறான். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அவனுக்கு இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. வாசலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

“சென்னைக்கி இன்னொண்ணு வேணுமாம். அதே மாதிரி. எனக்கு அது கைக்கு வராது பாப்பா. நீதான்... இந்த ஒரே ஒரு தடவ.”

மாணிக்கம்மாள் அகப்பையோடு திரும்பினாள். ஆனால் அதற்குள் செவ்வந்தி எழுந்து உள்ளே போயிருந்தாள். மிச்சமிருந்த குச்சி டப்பாக்களையும் பசையையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு வந்தாள். தரையில் பழைய சாக்கட்டிக் கோடு அழியாமல் இருந்தது. அதன் முன்னால் குந்தினாள்.

“எப்ப வேணுங்க சார்?” என்றாள்.

கொளஞ்சியப்பன் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. சிரிக்க வாயைத் திறந்தான். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

“அடுத்த வெள்ளிக்கெழம... பாப்பா, இன்னா நீ...”

“அதே ஒசரந்தானுங்களா சார்?”

செவ்வந்தி குச்சியின் நுனியில் பசை தொட்டுக் கோட்டின் மேல் படுக்க வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள். “யம்மா, பொன்னம்மா பெரிம்மாகிட்ட நாளக்கே சொல்லி வச்சிடு, சூடு காட்டணும்” என்றாள். வெளியே மறுபடி தூற ஆரம்பித்தது. கொளஞ்சியப்பன் மெல்ல அவள் எதிரில் வந்து, சிமெண்டுத் தரையில், கால் மடக்கிக் குந்தினான்.

“அப்பான்னு கூப்புடு பாப்பா” என்றான்.

“அப்பா வந்தாருன்னா கூப்புடறேங்க சார்” என்று சொல்லிவிட்டு, செவ்வந்தி அடுத்த குச்சியை எடுத்தாள்.